வரம்போரக் கேள்விகள்: இம்முறை கரும்பு

சென்ற இதழில் நெல்லைப் பற்றிய ஒரு பதிலுக்கு நடுவே, "ஹிங்குராணைப் பக்கம் கரும்பு வைத்திருப்பவர்கள் புதுமுறைக்கு மாறாததற்குச் சோம்பல் காரணமில்லை" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். ஹிங்குராணை, அம்பாறை மாவட்டத்தில் சீனி ஆலை இருக்கிற ஊர். தபாலிலும் வட்ஸ்அப்பிலும் வந்து குவிந்துவிட்டது. இரண்டு பேர் திட்டியிருக்கிறார்கள், மற்றவர்கள் கேட்டிருக்கிறார்கள். ஆகவே இம்முறை முழுக்கக் கரும்பு. நெல்லைத் தாக்கும் கபிலநிறத் தத்திப் பூச்சியைப் பற்றிக் கேட்ட கல்முனை அன்பர் ஒரு மாதம் பொறுக்க வேண்டும். அவருடைய தத்தி பொறுக்குமா தெரியாது; இலைக்கு மேலே அல்ல, தண்டின் அடியில் விலக்கிப் பார்க்கச் சொல்லிக் குறுஞ்செய்தி அனுப்பியிருக்கிறேன்.

"இறுதியாண்டு ஆய்வுக்காகக் கரும்புச் செய்கையாளர்களிடம் வினாக்கொத்து நிரப்புகிறேன். சிபாரிசு செய்யப்பட்ட முறைகள் அநேகமாக எல்லோருக்கும் தெரிந்திருக்கின்றன. ஆனால் செய்வதில்லை. 'காரணம்' என்ற பெட்டிக்குள் 'மனப்பாங்கு' என்று எழுதலாமா?"
விவசாய பீட மாணவி, வந்தாறுமூலை

எழுத வேண்டாம் மகள். நான் எழுதியிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

1980களில் நான் கரும்பு வயல்களில் கள உத்தியோகத்தராக இருந்தேன். மாத முடிவில் ஓர் அறிக்கை அனுப்ப வேண்டும். அதில் 'ஏற்றுக்கொள்ளாமைக்கான காரணம்' என்று ஒரு நிரல். 'விழிப்புணர்வு போதாது' என்று போட்டுவிட்டால் மேலே இருந்து யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். பல வருடம் அந்த நிரலை அப்படித்தான் நிரப்பினேன். வயலுக்குப் போகும் முன்பே நிரப்பிய மாதங்களும் உண்டு. அப்போதைய நிலைமையில் பின்னேரம் நாலு மணிக்கு மேல் அந்தப் பக்கம் நிற்கவும் முடியாது. அது ஒரு சாட்டு, ஆனால் முழுக் காரணமும் அதுவல்ல.

இறக்காமப் பக்கம் ஒருவர், மூன்று ஏக்கர் கரும்பு. வெட்டு முடிந்ததும் சோகையை, அதாவது கரும்பின் காய்ந்த இலையை, கொளுத்தாமல் வரிசைகளுக்கு நடுவே பரப்பி விடச் சொல்லி மூன்று மாதம் அவர் பின்னால் திரிந்தேன். ஏக்கருக்கு நாலு தொன் அளவில் சோகை விழும், ஈரம் நிற்கும், புல் எழும்பாது, களை பிடுங்கும் கூலி மிச்சமாகும் என்றெல்லாம் சொன்னேன். எல்லாம் உண்மைதான். கடைசியில், "சரி சேர், உங்களுக்காகச் செய்ற" என்றார். செய்தார். வெட்டிய கட்டையிலிருந்து துளிர்க்கும் மறுதாம்பு முழங்கால் உயரத்துக்கு அழகாக எழும்பியிருந்தது.

பக்கத்து வயல்காரர் தன் கரும்பை வெட்டுக்கு முன் கொளுத்தினார். அன்று கச்சான் காற்று. நெருப்பு வரம்பைத் தாண்டியது. சோகையைக் கொளுத்தி வெறும் மண்ணாக விட்டிருந்த மற்ற வயல்களில் பற்றுவதற்கு ஒன்றுமில்லை. என் பேச்சைக் கேட்டவரின் வயலில்தான் பன்னிரண்டு தொன் காய்ந்த சோகை. அரை மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்தது.

மறுநாள் போனேன். அவர் திட்டவில்லை. தேத்தண்ணி ஊற்றச் சொன்னார். "சேர், நீங்க சொன்னது சரிதான். ஆனா பக்கத்து வயலுக்காரனுக்கும் சேத்தில்லவா சொல்லிருக்கணும்?" என்றார். அந்த மாத அறிக்கையில் நான் என்ன எழுதினேன் என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

சரி, பக்கத்து வயல்காரர் ஏன் கொளுத்தினார்? அவருக்கும் சோகையின் அருமை தெரியும், அதே வகுப்பில் அதே வாங்கில் இருந்தவர்தான். ஆனால் வெட்டுக்காரர்கள் பச்சைக் கரும்புக்குள் இறங்கமாட்டோம் என்கிறார்கள். சோகை கையைக் கிழிக்கும், உள்ளே பாம்பு கிடக்கும். அவர்களுக்குக் கூலி தொன் கணக்கில். பச்சையாக வெட்டினால் அதே பகலில் பாதியளவுதான் சேரும். அதோடு, கொளுத்திய கரும்பில் சீனி வேகமாக இறங்கும், ஒரு நாள் இரண்டு நாளுக்குள் ஆலைக்குப் போயே ஆகவேண்டும். அது கெடுதிதானே என்பீர்கள். ஆனால் கெடுகிற சாமானுக்குத்தான் லொறி முந்தி வரும்! வெட்டு வரிசைக்காக வாரக்கணக்கில் காத்திருப்பவனுக்கு நெருப்புப் பெட்டி ஒரு விண்ணப்பப் படிவம் மாதிரி. நல்ல படிவம் என்று சொல்லவில்லை, வேறு படிவம் அவன் கையில் இல்லை.

அதனால் உங்கள் வினாக்கொத்தில் 'இந்த முறை உங்களுக்குத் தெரியுமா?' என்பதற்குப் பக்கத்தில், 'இதைச் செய்யும் நாளைத் தீர்மானிப்பவர் யார்?' என்று ஒரு கேள்வி சேருங்கள். பதில்களைப் பார்த்தால் நீங்களே திகைப்பீர்கள். விதைக்கரும்பு வருகிற நாள் அவர் கையில் இல்லை. உழவு மெஷின் வருகிற நாளும் இல்லை. வாய்க்காலில் தண்ணீர் முறைப்படி வரும், அவர் கடைக்கோடியில் இருந்தால் முறைக்கும் வராது. உழவு, விதை, உரம் எல்லாம் கடனாக வந்து பிறகு கரும்புக் காசில் கழிபடும். அந்த உரம் மழை தொடங்கிய பிறகு வந்தால் அதைப் பிரித்துப் போடுவது பற்றிய உங்கள் கையேட்டை எந்தப் பக்கத்தில் திறப்பது? களை பிடுங்குவது ஒன்றுதான் முழுக்க அவர் தீர்மானம். அதற்கும் முதல் மூன்று நாலு மாதத்தில் கையில் காசு வேண்டும், கரும்புக்காசோ பன்னிரண்டாம் மாதத்துக்குப் பிறகு.

உரத்தில் இன்னொன்று இருக்கிறது, அதை யாரும் உங்களிடம் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். கரும்புக்குக் கிடைத்த யூரியாவில் ஒரு மூடை நெல் வயலுக்குப் போகும். குடும்பம் சாப்பிடுவது அந்த நெல்லைத்தான். இதைப் போய் 'உரப் பரிந்துரையைப் பின்பற்றாமை' என்று பதிவதா? பாதி உரம் போட்டவரிடம் மீதி எங்கே என்று விசாரணை மாதிரிக் கேட்காமல், "மகாபோகம் எப்படி வாப்பா?" என்று கேட்டுப் பாருங்கள். தானாக வரும்.

இன்னும் ஒரு முடிச்சு. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்களே, நவம்பரில் தளர்த்தும் வரை ஊர் ஊராக 'சேதனப் பசளை' (இயற்கை உரம்) என்று மேடை போட்டார்கள். அந்தப் போகத்து நெல் வயல்களின் மஞ்சள் நிறம் இன்னும் சனங்களின் கண்ணில் நிற்கிறது. சோகையை மக்க விடுவது நல்ல விஞ்ஞானம். ஆனால் அந்தச் சொல்லை நீங்கள் எடுத்தவுடன் எதிரே இருப்பவர் சிரிக்கிறார் என்றால், அவர் சிரிப்பது சோகையைப் பார்த்து இல்லை.

எல்லாம் இருட்டு என்றும் எழுதிவிடாதீர்கள். 1981இல் இதே கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் இடதுகரையில், நீர் குறைவாக இருந்த ஒரு போகத்தில், வாய்க்கால் தலைமாட்டுச் சிங்கள விவசாயிகள் தங்கள் முறையில் தண்ணீரை மிச்சம்பிடித்துக் கடைக்கோடித் தமிழ் விவசாயிகளுக்கு விட்டார்கள். அந்தப் பகுதியில் அப்போதுதான் கமக்கார அமைப்புகளைக் கட்டத் தொடங்கியிருந்தார்கள். சண்டைக்குப் பேர்போன வாய்க்கால் அது. என்ன நடந்தது என்றால், ஒரு வாய்க்காலுக்குள் இருப்பவர்களை ஒன்றாக உட்காரவைத்துப் பேசவிட்டார்கள். நான் அந்த இறக்காமத்தாரை மட்டும் தனியாக உட்காரவைத்துப் பேசினேன். பக்கத்து வரம்புகள் ஐந்தையும் ஒரே மர நிழலுக்குக் கூப்பிட்டு, எவர் எப்போது வெட்டு, எவர் கொளுத்துகிறார், நடுவில் எத்தனை முழம் சோகை இல்லாமல் விடுவது என்று பேசியிருந்தால் அந்த மறுதாம்பு நின்றிருக்கும். ஒரு நாள் பின்னேர வேலை அது.

"கேட்டபடி சோகையைக் கொளுத்தாமல் பரப்பினேன். அதன் மேலேயே யூரியா வீசினேன். மறுதாம்பு மஞ்சளாக நிற்கிறது. கொளுத்தியவன் கரும்பு பச்சையாக நிற்கிறது. என்ன நியாயம்?"
செய்கையாளர், இறக்காமம்

நியாயம் உங்கள் பக்கம், பிழை உங்களுக்குச் சொல்லித் தந்தவர் பக்கம். பாதிதான் சொல்லியிருக்கிறார். சோகையின் மேல் விழுந்த யூரியா மண்ணுக்குப் போகாது. ஈரத்தில் கரைந்து, அமோனியாவாகிக் காற்றோடு போய்விடும். மூக்கை வைத்துப் பார்த்திருந்தால் மணத்திருக்கும். போதாக்குறைக்குச் சோகையை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் முதல் சில வாரம் மண்ணில் இருக்கும் நைதரசனையும் எடுத்துக்கொள்ளும். பிறகு திருப்பித் தரும், ஆனால் உங்கள் கரும்புக்கு இப்போது பசி.

ஒன்றுவிட்ட இடைவெளியில் மட்டும் சோகையை ஒதுக்குங்கள். ஒரு சால் மூடி, அடுத்த சால் வெறுமை. வெறுமையான சாலில் கட்டையின் ஓரமாக மண்வெட்டியால் கீறி, உரத்தைப் போட்டு, மண்ணால் மூடித் தண்ணீர் விடுங்கள். நடக்கவும் வசதி, பாம்பும் தெரியும். மறுதாம்புக்கு நடவுக் கரும்பைவிடக் கால்வாசி நைதரசன் கூடத் தேவைப்படும், அதையும் முந்திக் கொடுக்க வேண்டும். அடுத்த முறை வெட்டும்போது கட்டையை மண்ணோடு ஒட்ட வெட்டச் சொல்லுங்கள். உயரத்தில் விட்டால் மேல் கணுவிலிருந்து வரும் குருத்துக்கு வேர் பிடிக்காது. வெட்டுக்காரர் குனிய மறுப்பார். அதற்கு என்னிடம் மருந்தில்லை, ஒரு சோடா வாங்கிக் கொடுத்துப் பாருங்கள்.

"கணவர் கட்டாரில். இரண்டு ஏக்கர் கரும்பை நான்தான் பார்க்கிறேன். சில புதர்களில் இலை வெள்ளையாக வருகிறது. இரும்புச்சத்துக் குறைவு என்று ஒருவர் மருந்து தந்தார், மாறவில்லை. பயிற்சி வகுப்புக்கு அழைப்பு மாமாவின் பெயருக்கே வரும், அவர் நடக்கமாட்டார்."
குடும்பத் தலைவி, வரிப்பத்தான்சேனை

மகள், முதலில் புதர். இரும்பு குறைந்தால் இளம் இலையில் நரம்பு பச்சையாகவே இருக்கும், நரம்புக்கு நடுவேதான் வெளிறும். அதுவும் வயலில் ஒரு பாளமாகத் தெரியும். இரும்புச் சல்பேற்றுக் கரைசல் தெளித்தால் கொஞ்ச நாளில் பச்சை திரும்பும். உங்களுக்குத் திரும்பவில்லை. இலை முழுக்கப் பால்வெள்ளையாக, புதரில் கரும்பு திரளாமல் மெல்லிய குருத்துகள் புல்லுப்போல் நெருங்கி வருகிறதா? அங்கொன்று இங்கொன்றாகத் தெரிகிறதா? அப்படியென்றால் அது வெள்ளை இலை நோய். தெளித்து மாற்ற மருந்து கிடையாது. நடுகிற துண்டான விதைக்கரணையோடு வரும், பிறகு தத்துப்பூச்சி ஒன்று புதருக்குப் புதர் கொண்டுபோகும்.

அந்தப் புதர்களை வேரோடு தோண்டி எடுத்து வெயிலில் காயவிட்டு எரித்துவிடுங்கள். (ஆம், இதற்கு மட்டும் கொளுத்தலாம்.) பதினைந்து நாளுக்கு ஒருமுறை திரும்ப நடந்து பாருங்கள். அந்த வயலிலிருந்து விதைத்துண்டு யாருக்கும் கொடுக்க வேண்டாம், சொந்தத் தங்கச்சி கேட்டாலும். புதர்கள் நிறைய என்றால் அந்தத் துண்டில் மறுதாம்பு விடாமல் உழுதுவிட்டு வேறு பயிர் போடுவதே நட்டம் குறைந்த வழி.

இனி மாமாவின் பெயர். நான் வேலையில் இருந்த நாளில் கூட்டத்துக்கு வந்தவர்களில் அரைவாசிப் பேர் வயலில் இறங்காத ஆண்கள். இறங்குகிற பெண்கள் வீட்டு வாசலில் நின்று, "அவர் வந்ததும் சொல்ற" என்பார்கள். நானும் துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன், அவர்களிடம் ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை. வெள்ளை இலையை முதலில் பார்க்கிற கண் அவர்களுடையது என்பது எனக்கு மிகவும் பிந்தித்தான் விளங்கியது. குடியேற்றக் காணி அனுமதிப்பத்திரங்கள் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்தவை. அதன் வாரிசு ஒழுங்கு மகனையே முன்னுக்கு வைத்தது. 2022இல்தான் அந்தப் பாகுபாட்டைத் திருத்தினார்கள். பத்திரம் அந்த வகையா என்று பிரதேச செயலகக் காணிப் பிரிவில் கேளுங்கள். அது நடக்கும்போது நடக்கட்டும். அடுத்த வகுப்புக்கு மாமாவின் அழைப்புக் கடிதத்தையே எடுத்துக்கொண்டு நீங்கள் போய் உட்காருங்கள். யாரும் எழுப்பமாட்டார்கள். எழுப்பினால் எனக்கு எழுதுங்கள்.

"தமிழ்நாட்டில் ஒற்றைப் பருவை நாற்றாக வளர்த்து நடுகிறார்களாம், யூடியூப்பில் பார்த்தேன். இங்கே ஏன் செய்வதில்லை?"
இளைஞர், சம்மாந்துறை

தம்பி, நீங்கள் பார்த்தது நல்ல முறைதான். வழமையான நடவில் ஏக்கருக்கு மூன்று பரு (கணுவில் உள்ள முளை) கொண்ட கரணை 16,000 அளவில் போகும், கிட்டத்தட்ட 48,000 பரு. நாற்று முறையில் 5,000 பரு போதும் என்கிறார்கள். மூன்று நாலு தொன் விதைக்கரும்பை மண்ணுக்குள் புதைப்பது மிச்சம். நாற்று ஒரு மாதம் குழித்தட்டில் இருந்துவிட்டு ஐந்தடி இடைவெளிச் சாலுக்குப் போகும்.

ஆனால் அந்தக் காணொளியைத் திரும்பப் பாருங்கள், ஓரத்தில் ஒரு கறுப்புக் குழாய் ஓடும். சொட்டுநீர். நாற்றுக்கு முதல் மாதம் இரண்டு நாளுக்கு ஒருக்கா வாய் நனைய வேண்டும். நம் வாய்க்கால் முறையில் அடுத்த தண்ணீர் எப்போது என்று தண்ணீர் பங்கிடும் வட்டை விதானையாருக்கே சில நேரம் தெரியாது. கரணைக்குள் கொஞ்சம் சாப்பாடும் தண்ணீரும் இருக்கிறது, பிந்தினாலும் தாங்கும். நாற்று தாங்காது.

ஆகவே முழு ஏக்கரில் இறங்க வேண்டாம். வீட்டுக் கிணற்றடியில் இருநூறு நாற்று போடுங்கள். மறுதாம்பில் இரண்டடிக்கு மேல் வெறுமையாக விழுந்த இடங்களில், வெட்டி ஒரு மாதத்துக்குள் அதை நடுங்கள். வெறும் துண்டைச் செருகினால் பக்கத்துக் கட்டையின் நிழலில் அமுங்கிவிடும், நாற்று போட்டியிட்டு எழும்பும். விதையை மட்டும் ஏழெட்டு மாத வயதுக் கரும்பிலிருந்து எடுங்கள், ஆலைக்கு வெட்டுகிற முற்றலிலிருந்து அல்ல.

"பழைய 775தான் இனிப்பு. புதுப்புது நம்பர் எதற்கு?"
அட்டாளைச்சேனை அன்பர்

கோ 775 என்ற கரும்பினம் கோயம்புத்தூரில் பிறந்தது, நானும் அதை மென்று வளர்ந்தவன்தான். ஆனால் வயல்வெளி முழுக்க ஒரே இனம் நின்றால் ஒரு நோய்க்கு ஒரே விருந்து. உடவளவைக் கரும்பு ஆராய்ச்சி நிறுவனம் எஸ்.எல். 96 128 போன்றவற்றை வெளியிட்டது இனிப்புப் போட்டிக்கு இல்லை. இரண்டு மூன்று இனம் கலந்து வையுங்கள்.

"கடைக்கோடியில் இரண்டரை ஏக்கர். நெல்லா, கரும்பா? ஒரே சொல்லில் பதில் வேண்டும்."
அக்கரைப்பற்று வாசகர்

ஒரே சொல்லில் முடியாது. நெல் மூன்றரை, நாலு மாதத்தில் வீட்டுக்கு வரும். விலை விழுந்தால் மூடையில் கட்டி வைக்கலாம், இல்லாவிட்டால் சாப்பிடலாம். கரும்புக்கு வருடம் ஒன்று, வாங்க ஒரே ஒரு வாசல். 1990களின் பிற்பகுதியில் ஹிங்குராணை ஆலை நின்றது, 2012இல்தான் மறுபடி ஓடியது. இடையில் கரும்பு வயல்களில் நெல் ஏறியது. அந்தக் காலத்தை மறந்துவிட்டு முடிவெடுக்க யாரிடமும் சொல்லமாட்டேன்.

மறுபக்கம், சிறுபோகத்தில் உங்களுக்குத் தண்ணீர் வராத வருடங்கள் எத்தனை என்று எண்ணுங்கள். அதிகமென்றால் கரும்பு கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். யானை வழியில் இருந்தால் இரண்டும் போகும், கரும்பு முந்திப் போகும். வெட்டுக்கு உத்தரவு எப்போது வரும், நிறுக்கும்போது நீங்கள் நிற்கலாமா, கடனில் என்னென்ன கழிப்பார்கள் என்பதைக் கையொப்பத்துக்கு முன் எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்னால் போதாது. நானாக இருந்தால் ஓர் ஏக்கரை நெல்லுக்கு விட்டு மீதியில் கரும்பு வைப்பேன். ஆனால் எனக்கு ஓய்வூதியம் இருக்கிறது.

"நீங்கள் ஆலையின் ஆளா, விவசாயியின் ஆளா?"
திட்டியவர்களில் ஒருவர், ஊர் போடவில்லை

மேலே பாருங்கள்.

"பொங்கலுக்கு வாங்கும் கரும்பு வருடா வருடம் விலை ஏறுகிறது. வளவில் நாலு கரும்பு வைக்கலாமா?"
இல்லத்தரசி, களுவாஞ்சிக்குடி

தாராளமாக. இந்தப் பொங்கலுக்கு வாங்கியதன் நுனிப் பக்கத்தை எறிய வேண்டாம். மூன்று பரு இருக்கிற துண்டாக வெட்டி, சாய்வாகப் பதித்து, இரண்டு விரல் மண் மூடுங்கள். தையில் வைத்தால் அடுத்த தைக்குச் சரியாக வரும். ஆலைக் கரும்பில் துண்டு கேட்டு யாரிடமும் போகாதீர்கள், அது பல்லுக்கு ஆகாது. நோய் வேறு கூட வரும். வாவிப் பக்கக் கிணறு என்றால் ஆடி ஆவணியில் உப்பேறும், அரிசி கழுவிய தண்ணீரையும் ஊற்றுங்கள். வாவிக்குக் கடல் பக்கமான எழுவான்கரையில் இருப்பதால் யானைக்குப் பயமில்லை. யானை வரும் மேற்குப் பக்கப் படுவான்கரைச் சொந்தக்காரர் யாராவது வந்து விதைத்துண்டு கேட்டால் மட்டும் கொஞ்சம் யோசித்துக் கொடுங்கள்.